படுக்கச் சொன்னவர்கள்

என் தங்கச்சியைப் படுக்கச் சொன்ன ஒவ்வொருவர் மீதும் எனக்குக் கோபம். அம்மா, மாமி, பின்னேரங்களில் தனியாக நோயாளிகளைப் பார்க்கிற அந்த டொக்டர், ஆஸ்பத்திரியில் தள்ளுகட்டிலோடு நின்ற ஆள், எல்லோர் மீதும்தான். 'நடந்தது நடந்துபோச்சு, இன்னும் என்னத்துக்கு அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்' என்று கேட்கிறவர்கள் மீதும் கோபம். நடந்தது தானாக நடக்கவில்லை. ஆட்கள் சேர்ந்து நடத்தினார்கள்.

தங்கச்சிக்கு அது முதல் பிள்ளை, பெண் குழந்தை. சுகப்பிரசவமாகி வீட்டுக்கு வந்துவிட்டாள். வீடு என்றால் பழுகாமத்தில் அம்மாவின் வீடு. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தாலும் பெண் தாய் வீட்டோடுதான் இருப்பாள். வந்து சேருகிறவர் மாப்பிள்ளை. எங்கள் மாப்பிள்ளை கட்டாரில் லொறி ஓட்டுகிறார், ஆகவே போனில்தான் வருவார். அப்பா உயிரோடு இல்லை. நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், வாடகை வீட்டில் இருக்கிறேன், சனிக்கிழமைகளில் ஊருக்குப் போகிறேன். கல்யாணம் முடிக்கவில்லை. அதனால் தங்கச்சியின் பிள்ளைப்பேற்று விஷயத்தில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. முழுக்க அம்மாவின் ஆட்சி, மாமி மந்திரி.

மாமி என்றால் அப்பாவின் அக்கா, அடுத்த வளவு. பிள்ளை பெற்றவளைப் 'பச்ச உடம்புக்காரி' என்று சொல்லி இந்த இருவரும் செய்ததை எழுதினாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜன்னல் சாத்தியிருக்க வேண்டும். ஃபேன் போடக்கூடாது. தலையைச் சுற்றித் துணி, காதுக்குள் பஞ்சு. மிளகு தூக்கலான சரக்குக் கறியும் சோறும். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வயிறு கட்டுதல் என்று ஒன்று உண்டு. பழைய நூல் சேலையை அகலமாகக் கிழித்து, விலா எலும்புக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை சுற்றி, ஆளுக்கொரு பக்கம் நின்று இழுத்துக் கட்டுவார்கள். கட்டியபடி அவள் மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டும். அப்போதுதான் வயிறு வற்றுமாம். முப்பத்தொன்றாம் நாள் துடக்கு, அதாவது பிள்ளைத் தீட்டு, கழியும்வரை வாசல் தாண்டக்கூடாது.

"வயிறு தொங்கிப்போனா அவன் வந்து பார்த்திட்டு என்ன சொல்லுவான்?" என்பது மாமியின் கவலை. மாப்பிள்ளை வருவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது.

முதல் இரண்டு கிழமையும் பிழையில்லை. மிட்வைஃப் வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு, நல்லம் என்று சொல்லிப் போனார். அதற்குப் பிறகுதான் இருமல் தொடங்கியது. நான் போன் எடுத்துக் கேட்டால் அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. இருமல் ஏன்? "குளிக்க வார்த்த தண்ணி சூடு காணாது, குளிர் பிடிச்சிட்டு." கால் வீங்கியிருக்கிறதே? "பெத்த உடம்பு ஊதத்தான் செய்யும்." மூச்சு வாங்குகிறதே? "இரத்தம் போன உடம்பு, இளைக்கத்தான் செய்யும்." இந்தச் 'செய்யும்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதும் ஆகாது. எந்த நோயையும் இந்த ஒரு சொல்லால் மூடி வைத்துவிடலாம்.

நான் விடவில்லை. சண்டை பிடித்து ஒரு டொக்டரிடம் காட்ட வைத்தேன். மாமி குடை பிடிக்க, தலையில் போர்வையோடு கொண்டு போனார்கள். ஒரு பின்னேரம் முழுக்க வாங்கில் குந்தியிருந்து உள்ளே போனால், அவர் தங்கச்சியின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லையாம். நெஞ்சுக்குழல் அவருடைய கழுத்தில் மாலையாகத் தொங்கியது, அவளுடைய நெஞ்சுக்கு வரவில்லை. ஆஸ்துமா முட்டு என்று சொல்லி இழுப்புக் குளிசையும் இருமல் பாணியும் எழுதி, "வீட்டில நல்லாப் படுத்து ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார். அம்மாவுக்கு வேறென்ன வேண்டும்? படித்த டொக்டரே படுக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நான் வீட்டுக்குப் போனபோது தங்கச்சி கட்டிலில் சுவரைப் பார்த்தபடி குந்தியிருந்தாள். மடியில் இரண்டு தலையணையை அடுக்கி, அதன்மேல் நெஞ்சைச் சாய்த்து, இருந்தபடியே கண் அயர்ந்திருந்தாள். கழுத்து நரம்பு காதடி வரைக்கும் புடைத்துத் துடித்தது. காலைத் தொட்டேன். பெருவிரலால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

அந்த நேரம் பார்த்து மாமி உள்ளே வந்தார். "இஞ்ச பார் கா, மறுகாவும் எழும்பிக் குந்தியிட்டாள். கட்டின கட்டெல்லாம் வீண். படு மகள், படு."

அவள் சொல்கேட்கிற பிள்ளை. எனக்கு எரிச்சல் மூட்டுவதே அதுதான். தலையணையை விலக்கிவிட்டு மல்லாந்து படுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, இருமல் கிளம்பியது. கண் இரண்டும் விரிந்தன. கையை நீட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்து, வாயால் மூச்சு வாங்கினாள்.

"அக்கா, என்னப் படுக்க வெக்காதங்க. தண்ணிக்குள்ள அமத்திற மாதிரிக் கிடக்கு."

ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் நான் இதயத்தை வரைகிறேன். மேலே இரண்டு சோணையறை, கீழே இரண்டு இதயவறை. வலது பக்கத்துக்கு நீலச் சோக்கு, இடது பக்கத்துக்குச் சிவப்பு. உடம்பெல்லாம் சுற்றி வந்த இரத்தம் வலது பக்கம் சேருகிறது. அந்தப் பக்கத்து இதயவறை அதை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே காற்றை ஏற்றிக்கொண்டு இரத்தம் இடது பக்கம் வருகிறது. இடது இதயவறை அதை உச்சி தொடக்கம் உள்ளங்கால் வரை அனுப்புகிறது. அவ்வளவு தூரம் தள்ள வேண்டியிருப்பதால் இடது சுவர்தான் தடிப்பு. வழியில் இருக்கிற வால்வுகள் ஒரு பக்கம் மட்டும் திறக்கும், போன இரத்தம் திரும்பி வரக்கூடாது. இதைப் பெயர் குறித்தால் பிள்ளைகளுக்குப் புள்ளி. தங்கச்சியும் ஒரு காலத்தில் அழகாகக் குறித்தவள்தான். ஆனால் அந்த இடது இதயவறை களைத்துப்போனால், வீட்டில் ஒரு கட்டிலில் அது எப்படித் தெரியும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. நாடி எது நாளம் எது என்று கேட்டுக் கேட்டே எங்களை வளர்த்துவிட்டார்கள்.

எப்படித் தெரியும் என்பதை இப்போது நான் சொல்கிறேன். இடது பக்கம் தள்ள முடியாமல் தவித்தால், நுரையீரலில் இருந்து வரும் இரத்தம் வந்த வழியிலேயே தேங்கும். தேங்கிய இடத்தில் நீர் கசியும். நுரையீரல் நனையும், இருமல் வரும். சுமை பின்னுக்குப் பின்னாக ஏறி வலது பக்கமும் சோர்ந்துபோகும், காலில் நீர் கோக்கும். எழுந்து இருந்தால் இரத்தத்தில் கொஞ்சம் காலில் இறங்கி நிற்கும், களைத்த இதயத்துக்கு அந்த அளவுக்காவது ஆறுதல். மல்லாந்து படுத்தால் அதெல்லாம் சேர்ந்து நெஞ்சுக்குத் திரும்பும். வயிற்றையும் இறுக்கிக் கட்டியிருந்தால் நுரையீரல் விரிவதற்கு இடமே இல்லை. ஒரு நலிந்த இதயத்தை மூழ்கடிக்க வேண்டும் என்று யாராவது யோசித்து வழி கண்டுபிடித்திருந்தால்கூட இவ்வளவு சரியாக அமைந்திருக்காது.

இந்த ஒழுங்கில் இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது, பாதி பிறகு டொக்டர் சொன்னது. ஆனால் படுத்தால் மூழ்குகிறாள், எழுந்தால் மேலே வருகிறாள் என்பதைக் காண எந்தப் படிப்பும் தேவையில்லை. கண் இருந்தால் போதும். அந்த வீட்டில் எத்தனை கண் இருந்தது!

"அம்மா, இவள இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"துடக்குக் கழிய நாலஞ்சு நாள்தான் கிடக்கு. கழியட்டும், போவம்."

"அதுக்குள்ள செத்திருவாள்."

"வாயில நல்ல சொல்லே வராதா கா உனக்கு?" என்று மாமி பாய்ந்து வந்தார். "நீ என்ன புள்ள பெத்தனீயா? பெத்து வளர்த்த எங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் பக்கம் திரும்பினேன். அம்மா வயல் பார்க்கிறவர், அந்த வழியால் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். "வட்டைக்குள்ள வடிச்சல் வாய்க்கால் அடைச்சா தண்ணி எங்கம்மா போகும்?"

"எங்க போறது? பின்னுக்கு ஏறிப் பயிர் அமிழும்."

"அதுதான் இவள்ற நெஞ்சுக்குள்ள நடக்குது."

"வயலும் புள்ளையும் ஒண்டா? உன்ட படிப்ப உன்ட பள்ளிக்கூடத்தில வெச்சுக்கொள்."

அதற்குமேல் பேசிப் பலனில்லை. தையல் மெசினில் கிடந்த கத்திரிக்கோலை எடுத்து வந்து, தங்கச்சியின் வயிற்றுக் கட்டை மேலிருந்து கீழாக வெட்டினேன். துணி இரண்டாக விழுந்தது. வரிவரியாகச் சிவந்திருந்த வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு அவள் ஒரு மூச்சு எடுத்தாள். நான் வந்த நேரம் தொடக்கம் அவள் எடுத்த முழு மூச்சு அதுதான். மாமி தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். அம்மா ஓடிவந்து என் கன்னத்தில் அறைந்தார். அறைந்துவிட்டு அவரே அழத் தொடங்கினார்.

"என்ட தங்கச்சியும் இப்படித்தான் கா போனவள். துடக்குக் கழிய முந்தி வெளிய போய்க் காத்துப் பட்டுத்தான் செத்தவள். உனக்கென்ன தெரியும்?"

எனக்கு அந்தக் கதை தெரியும். அம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தார், எனக்குச் சின்னம்மா. பிள்ளை பெற்ற கையோடு இறந்துபோனார், பிள்ளையும் தங்கவில்லை. முற்றத்தில் இறங்கிக் காற்றுப் பட்டதால் இறந்தார் என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். அம்மாவின் அத்தனை கட்டுப்பாடும் அந்தச் சாவுக்குப் பயந்துதான். ஆனால் அன்று எனக்கு இரக்கம் வரவில்லை. கன்னம் எரிந்தது. எரிந்த கன்னத்தோடு கேட்டேன்.

"சின்னம்மாவுக்கும் கால் வீங்கினதா?"

அம்மாவின் அழுகை நின்றது.

"இருமல் இருந்ததா?"

அம்மா தங்கச்சியைப் பார்த்தார். தலையணையில் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளை அன்றுதான் முதல் தடவை பார்க்கிறவர் போலப் பார்த்தார். மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவள் கடசியில குந்தி இருந்துகொண்டுதான் நித்திரை கொண்டவள்," என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார், "நாங்க புடிச்சுப் படுக்க வெச்சம்."

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் வாதாடவில்லை. ஆட்டோவுக்குப் போன் எடுத்தேன். அம்மா குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பச்ச உடம்புக்காரி வெளியே போனால் கையில் இரும்பும் வேம்பும் இருக்க வேண்டும் என்பதால் பாக்குவெட்டியையும் வேப்பங்குழையையும் பையில் திணித்தார். திணித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். பட்டிருப்புப் பாலத்தில் வாவிக் காற்று அடித்தபோது தங்கச்சியின் காதை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். அதையும் விட்டேன். அவள் நிமிர்ந்து இருந்தாள், எனக்கு அது போதும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் விடிந்துவிடும் என்று நினைத்தேன். உள்ளே காலடி வைத்ததும் தள்ளுகட்டிலோடு ஓர் ஆள் வந்து, "படுங்க, படுங்க" என்றார். படுக்க ஏலாது என்றேன். நெஞ்சில் வயர் பூட்டிப் படம் எடுக்க வேண்டும், படுத்தால்தான் எடுக்கலாம், கத்தாதீங்க என்றார். சொல்லிக்கொண்டே தோளைப் பிடித்துச் சாய்த்தும்விட்டார். தங்கச்சியின் உதடு நீலமாவதைக் கண்டதும் நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற காவல்காரர் ஓடிவந்தார். வெட்கம் என்ன வெட்கம்? வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற தொண்டை அது.

சத்தம் கேட்டு ஒரு டொக்டர் வந்தார், சின்ன வயதுப் பெண், சிங்களம் பேசுகிறவர். தமிழ் கொஞ்சம்தான் வந்தது. தங்கச்சியை ஒரு பார்வை பார்த்தார். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தானே உயர்த்தினார். "இருக்க, இருக்க, நங்கி. படுக்க வேணாம்," என்றார். எத்தனை நாளாக எத்தனை பேர், எல்லோரும் அவளுடைய சொந்தத் தமிழில் படுக்கச் சொன்னார்கள். இருக்கச் சொல்வதற்கு, தங்கச்சியைச் சிங்களத்தில் நங்கி என்று கூப்பிடுகிற ஒருவர் வர வேண்டியிருந்தது.

ஒட்சிசன் பூட்டினார்கள். தேங்கிய நீரை இறக்குவதற்கு ஊசி போட்டார்கள். சிறுநீர் போகப் போக இருமல் அடங்கியது, இருட்டுவதற்குள் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினாள். ஆனால் தப்புவாளா என்று கேட்டதற்கு யாரும் ஓம் என்று சொல்லவில்லை. அடுத்த நாள் ஸ்கான் எடுக்க அனுப்பினார்கள். திரையில் அவளுடைய இதயத்தைப் பார்த்தேன். நான் வரைகிற படம்போல அது இல்லை. இடது இதயவறை அகன்று தொய்ந்திருந்தது. சுவர் சுருங்கப் பார்த்தது, முழுதாகச் சுருங்க முடியாமல் விட்டுவிட்டது, மறுபடி பார்த்தது. வால்வுகள் மட்டும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்து திறந்து திறந்து மூடின. தள்ளுவதற்குத்தான் ஆளில்லை.

பிள்ளைப்பேற்றின் கடைசி மாதத்திலோ அதற்குப் பிந்திய மாதங்களிலோ சில பெண்களுக்கு இதயத் தசை இப்படி நலிந்துபோவதுண்டு என்று பெரிய டொக்டர் சொன்னார். காரணம் முழுதாகத் தெரியாதாம். மருந்தில் தேறி வருகிறவர்கள் இருக்கிறார்கள், தேறாதவர்களும் இருக்கிறார்கள். தேறினாலும் இன்னொரு பிள்ளை கூடாது, அது உயிருக்கே ஆபத்து என்றார். அதுவரை ஒழுங்காகப் பேசியவர், அம்மாவைக் கண்டதும் வார்டே பார்க்கக் குரலை உயர்த்தினார். "மாட்டுக்கு வருத்தம் வந்தா நேரத்துக்குக் கொண்டு போவீங்கதானே? புள்ளைக்கு மட்டும் என்ன?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மாவைத் திட்டுகிற உரிமை எனக்கு இருந்தது. அந்த டொக்டருக்கு இருக்கவில்லை.

"நாங்க நேரத்துக்குக் கொண்டு போனனாங்கதான் டொக்டர்," என்றேன். "உங்களப் போல ஒருத்தரிட்டத்தான். அவர் குழாயக் கழுத்தில இருந்து எடுக்கவே இல்ல. இழுப்புக் குளிசை தந்து, படுத்து ரெஸ்ட் எடுக்கச் சொல்லி அனுப்பினவர். அவரையும் ஒருக்காக் கூப்பிட்டு இப்படிக் கேளுங்க."

அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கேட்டிருக்க மாட்டார்.

தங்கச்சி தேறினாள். கிழமைக் கணக்கில் வார்டில் கிடந்து, பிறகு மாதா மாதம் கிளினிக் போய், உப்பைக் குறைத்து, காலையும் மாலையும் குளிசை போட்டு, மெல்ல மெல்லத் தேறினாள். இதயம் பழைய அளவுக்கு வரவில்லை, ஆனால் வேலை செய்கிறது. துடக்குக் கழிவு பிந்தி நடந்தது. மாமியும் வந்து, கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லி வயிறு நிறையச் சாப்பிட்டுப் போனார்.

குழந்தைக்கு ஒரு வயது முடிந்த நாளில் மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். பிள்ளையைப் பார்த்தார், சிரித்தார், கண் கலங்கினார். நல்ல மனிதர்தான். பிறகு சொன்னார், "லீவு கிடைச்சிட்டு, அடுத்த மாசம் வாறன். ஒரு ஆம்பிளப்புள்ளையும் பெத்துக்கொண்டா நமக்குக் காணும்."

"டொக்டர் கூடாதெண்டு சொன்னவர்தானே," என்றாள் தங்கச்சி.

"டொக்டர்மார் அப்படித்தான் பயங்காட்டுவாங்க. இப்ப நீ நல்லாத்தானே இருக்காய். எங்கட அம்மாவும் ஆசப்படுறா."

தங்கச்சி பிள்ளையின் சட்டையைச் சரிசெய்யத் தொடங்கினாள். சொல்கேட்கிற பிள்ளை அல்லவா. எனக்குத் தலைக்கேறிவிட்டது, வாயைத் திறந்தேன். அதற்குள் அடுப்படியில் இருந்து அம்மா வந்தார். கையில் ஒட்டியிருந்த மாவோடு போனை வாங்கினார்.

"மகன், இவள்ற நெஞ்சு ஒரு புள்ளைக்குத்தான் காணும். இன்னொண்டு கேட்டா நிண்டுரும். நிண்டா நீங்க பிளேன் ஏற முந்தி நாங்க இவளக் கொண்டுபோய் அடக்கியிருவம். ஆம்பிளப்புள்ள வேணுமா, இவள் வேணுமா? ரெண்டில ஒண்டச் சொல்லுங்க. சொல்லும்வரைக்கும் நான் போன வெக்கல்ல."

அம்மா போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"இவள்தான் மாமி," என்றார் மாப்பிள்ளை, அம்மாவிடம்.

"அப்ப இனி அந்தக் கத இந்த வீட்டுக்குள்ள வரப்படாது. உங்கட அம்மாட்டயும் சொல்லிருங்க."

போனைத் தங்கச்சியின் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா மீது எனக்கு இன்னும் கோபம்தான். அதைச் சொல்ல அன்று வாய் வரவில்லை.